தண்ணி வண்டிக்கு வழி

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லையென்றால் பின்னால் போக வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கு இந்த விதி தலைகீழ்ப் பாடம். அவளுக்கு வராத ஒரே விஷயம்... வண்டியைப் பின்னால் எடுப்பது.

பெரிய ரோட்டில் வேலை நடந்ததால் எல்லோரையும் காட்டோர மாற்றுப்பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முதல் நாள் காலை அவள் ரொட்டி வேனில் மலையேறும்போது, மேலே சாலை வேலைக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு ஒரு லாரி எதிரே வந்தது. ஓட்டியவன் பேசாமல் பின்னால் போய் வழிவிட்டான். விதிதானே என்று மிடுக்காகக் கடந்துபோனாள்.

மாலையில்தான் வம்பு. இப்போது இறங்குவது அவள்; தொட்டி நிறையத் தண்ணீரோடு ஏறுவது அவன். மழை வேறு. அவள் அசையவில்லை. வைப்பர் போய் வரும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள் அவனுக்குத் தெரிந்தன, கரைந்தன, மறுபடி தெரிந்தன... இறங்கி வந்து, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"தெரியும். உள்ள ரொட்டி இருக்கு. குலுங்கினா நசுங்கிடும்."

எட்டிப் பார்த்தான். வெறும் தட்டுகள்.

"சரிதாங்க. காலித் தட்டும் நசுங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, அத்தனை தண்ணீரோடும் அகலமான இடம் வரை பின்னாலேயே போனான். அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அவனுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு கர்வம்.

மறுநாள் மாலை கழுத்துப் பிடிப்பு என்றாள். அதற்கு மறுநாள் கண்ணில் தூசி. பிறகு அவள் காரணம் சொல்வதையும் விட்டாள், அவன் கேட்பதையும் விட்டான். 'ஒரு தடவை திட்டினா என்னவாம் இவனுக்கு?' என்று பொருமிக்கொண்டே, அந்த வளைவுக்கு முன்னால் தலைமுடியை மட்டும் தவறாமல் சரிசெய்துகொண்டாள்.

குட்டு உடைந்தால் அப்பா சாவியைப் பிடுங்கி அண்ணனிடம் கொடுத்துவிடுவார். சண்டை போட்டு வாங்கிய சாவி அது. அண்ணனோ நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது, ஏன் தாமதம் என்று அப்பா கேட்டார். தினமும் ஒரு தண்ணி வண்டி எதிரே வருகிறது, பாவம், ரொம்ப நல்லவர் என்று வாய் தவறிச் சொன்னாள். அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அவர் அகராதியில் தண்ணி வண்டி என்றால் குடிகாரன். வேறு அர்த்தமே கிடையாது. மறுநாள் ஒன்றும் சொல்லாமல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மாலையில் லாரி வந்தது. அவளைக் கண்டதுமே, பழக்கதோஷத்தில், பின்னால் நகர ஆரம்பித்தது.

"ஏறுற வண்டி எதுக்குப் பின்னால போகுது? இவன்தான் அந்தத் தண்ணி வண்டியா?"

ஆமாம் என்றாள், விபரீதம் புரியாமல்.

"வேலை நேரத்துலயே ஊத்திக்கிட்டு மலையில லாரி ஓட்டுறான்" என்று அப்பா போனை எடுத்து, லாரியின் நெற்றியில் எழுதியிருந்த முதலாளியின் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டால் சாவி தப்பும், அவன் வேலை போகும். போனைப் பறித்தாள்.

"அவர் குடிக்கலப்பா. எனக்குத்தான் ரிவர்ஸ் எடுக்க வராது. தினமும் எனக்காகத்தான் பின்னால போறாரு."

வண்டியை அணைத்து, சாவியை உருவி, தானே அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சாவிக்காக மட்டும் அல்ல என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்பா தூறலில் இறங்கி லாரிக்கு நடந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவனை ஊதச் சொன்னார். ஊதினான். தேநீர் வாசனைதான் வந்தது.

"லோடு வண்டிய எதுக்குப்பா தினமும் பின்னால எடுத்த? ஒருநாள் சண்டை போட்டிருந்தா அவளும் கத்துக்கிட்டிருப்பா இல்ல?"

அவன் வேனைப் பார்த்தான். காது சிவந்தது.

"கத்துக்கிட்டா ஒரு நொடியில கடந்து போயிடுவாங்க சார். நான் பின்னால போற வரைக்கும்தான்... அவங்க முகம் என் எதிர்லயே இருக்கும்."

பாதி திறந்திருந்த வேன் ஜன்னல் முழுவதும் இறங்கியது.

"எனக்கு மட்டும் என்ன... கத்துக்கணும்னு தோணவே இல்லியே."

அப்பா மேலே வேனைப் பார்த்தார், கீழே லாரியைப் பார்த்தார். இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பது தான்தான் என்று புரிந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு பாறையோரமாக ஒதுங்கி நின்றார்.