ஆறு மணிப் பேச்சு

தினமும் மாலை ஆறு மணிக்கு நறுமுகை விருதுநகரில் இருக்கும் அம்மாவோடு பேசினாள். அந்த நேரத்தில் அவள் ஆய்வுக்கூடத்தில் தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு நடப்பதே அவளுக்குத் தெரியாது.

பனி உருகிப்போன வடதுருவக் கரையில் இருந்தது அந்தப் பல்கலைக்கழகம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். அவர்கள் எதிர்பார்க்க வேண்டியவை: குளிர், உப்புச் சப்பில்லாத சாப்பாடு, வீட்டு நினைப்பு. முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசிக்கு மட்டும் வழி செய்திருந்தார்கள். வீட்டோடு பேசி அழுகிற பிள்ளைகள் மறுநாள் உருப்படியாக வேலை பார்ப்பதில்லையாம். அதனால் சேர்ந்த அன்றே காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லைப் பதித்து, குரலையும் முகத்தையும் சிணுங்கலையும் ஒரு வாரம் படித்து, ஆளுக்கொரு ‘பேச்சுநிழலை’ உருவாக்கிவிடுவார்கள். அப்புறம் வீட்டுக்குப் பேசுவதெல்லாம் நிழலின் பாடு. வீட்டாருக்கு அது தெரியாது. பேசியதன் சுருக்கம் மட்டும் மாணவருக்கு வரும்.

முதல் மாதம் நறுமுகை வரிக்கு வரி படித்தாள். பிறகு மேலோட்டமாக. ‘சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றீர்கள்.’ இதில் படிக்க என்ன இருக்கிறது? ‘பருப்புப்பொடி கிடைத்தது, பிரமாதம் என்றீர்கள்’ என்று அடிக்கடி வந்தது. பொடிதான் வந்தபாடில்லை. தபாலில் தொலைந்திருக்கும், அம்மா மனசு நோகக் கூடாதென்று நிழல் சமாளிக்கிறது, கெட்டிக்கார நிழல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் ஆண்டில் எல்லாம் சேர்ந்து வந்தது. ஆய்வு இரண்டு முறை தோற்றது. பேராசிரியர் அவள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார். நாலு நாளாகக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை. படிப்பைத் தொடர இன்னும் மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டும். இன்றே கடைசி நாள். “போதும்டி, வந்துரு” என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள்.

ஆறு மணிக்கு நிழலை அணைத்துவிட்டு அவளே பேசினாள்.

திரையில் அம்மா தன்ஷிகா சிரித்தாள். “என்னடி, சாப்ட்டியா?”

“இல்லம்மா. நாலு நாளா ஒண்ணும் எறங்கல.”

“நல்லது. நேரத்துக்குச் சாப்பிடணும்.”

“அம்மா, என்னால முடியலம்மா. நான் வந்துர்றேன்.”

“ஒனக்கென்னடி, ராசாத்தி! பருப்புப்பொடி அனுப்பிருக்கேன், வந்துச்சா?”

நறுமுகை திரையை உற்றுப் பார்த்தாள். துளியும் கலையாத அந்தச் சிரிப்பை அவள் தன் நிழலின் முகத்தில் பார்த்திருக்கிறாள். “அம்மா!” என்று அலறினாள்.

தூறல் விழுகிறதென்று அன்றைக்கு மட்டும் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்த அப்பா கிஷோர் ஓடிவந்து, திரையில் சிரித்த முகத்தை நிறுத்திவிட்டுத் தானே வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

“அம்மா எங்கப்பா?”

“போயி எட்டு மாசமாச்சு பாப்பா. ஒனக்கு அப்பப் பரீட்சை. சொன்னா படிப்பு கெட்டுரும்னு சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே பிடியா நின்னாங்க. கடைசி நாள்ல ஒங்கம்மாவே நிழல் செய்றவங்கள வரச்சொல்லி, கொரலக் குடுத்துட்டுத்தான் போனா.”

அட கடவுளே! எட்டு மாதமாக ஒரு நிழல் சாப்பிட்டாயா என்று கேட்க, இன்னொரு நிழல் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறது. யாரும் இடிக்காத பொடியை, நாக்கே இல்லாத ஒன்று பிரமாதம் என்று புகழ்ந்திருக்கிறது.

இருவரும் அழுதார்கள். அப்பாதான் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தெனம் ஆறு மணிக்கு இங்க ஓரமா ஒக்காந்து நீ சிரிச்சுப் பேசுறதக் கேப்பேன் பாப்பா. அதுலதான் என் பொழுதே ஓடுச்சு. படிப்பு நல்லாப் போகுதுல்ல? அது ஒண்ணுதான் அவ கேட்டது.”

நறுமுகை வாயைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் சமையலறை இருட்டாகக் கிடந்தது.

“போகுதுப்பா.”

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்ப்பா. நல்லாருக்கேன். நீங்க?”

“எனக்கென்ன பாப்பா, நல்லாத்தான் இருக்கேன்.”

நிழல் அணைந்தேதான் இருந்தது. மூன்று ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நறுமுகை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.