இடது கன்னம்

"ஃப்ளாஷ் போடாம எடுங்க."

சொல்லவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது இதைத்தான். ஸ்டுடியோவுக்குள் காலை வைத்ததும் அவள் முதலில் சொன்னதும் இதைத்தான்.

"அங்க போய் வலி கிலின்னு வாயைத் திறந்துடாத. ஃபோட்டோக்காரன் நாலு கல்யாண வீடு ஏறி இறங்குறவன். ஊர் பூரா பரவிடும்" என்பது அம்மாவின் பயம்.

பரவட்டுமே! அவளென்ன திருடவா வந்தாள்?

வெள்ளைக் குடை விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த ஃபோட்டோக்காரன் நிமிர்ந்து பார்த்தான். கறுப்புச் சட்டை, முழங்கை வரை மடித்த கை... தூக்கம் தெளியாத மாதிரி பெரிய கண்கள்.

"ஃப்ளாஷ் இல்லாமலா? இருட்டுல எடுத்தா மாப்பிள்ளை வீட்டுல பேய்னு நெனச்சுக்கப் போறாங்க மேடம்."

"நெனச்சுக்கட்டும். பேய்க்குத் தலை வலிக்காதுல்ல."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டான்.

"எங்க வலிக்குது?"

இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள் இதுவரை? போன வருடம் வேலைக்குப் போகும் வழியில் பஸ் போட்ட பிரேக்கில், முன்சீட்டுக் கம்பியில் மோதிக் கன்ன எலும்பு உடைந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். எலும்பு சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் இந்தத் தலைவலி ஆரம்பித்தது. "எக்ஸ்ரே சுத்தமா இருக்கும்மா... கல்யாண டென்ஷன்" என்றார் டாக்டர். "பாக்க லட்சணமாத்தானே இருக்க, அப்புறம் என்னடி வலி?" என்றாள் அம்மா. முகம் சரியாகிவிட்டால் வலிக்க உரிமை கிடையாதாம்! வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டத் தெரிந்தவர்களுக்கு, அவள் பேச்சைக் கேட்கத்தான் தெரியவில்லை.

"கன்னத்துல ஆரம்பிக்கும். கண்ணுக்குப் பின்னாடி போய் நெத்திப்பொட்டுல இடிக்கும். பளிச்சுனு வெளிச்சம் பட்டா அன்னைக்குப் பூரா எந்திரிக்க முடியாது. போதுமா?"

"போதும் மேடம். வெளிச்சம்தான் என் பொழப்பு. அது ஒருத்தரை இப்படி அடிக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் ஓரம் போட்டான். வெளியே மழை. கண்ணாடியில் வழிந்த தண்ணீரில் வெளிச்சம் நனைந்து, மெத்தென்று அவள் மடியில் விழுந்தது...

முகவாயைத் திருப்ப நீண்ட அவன் கை, பாதியில் நின்றது.

"தொட்டா வலிக்குமோ... என்னைப் பாத்துச் செய்யுங்க. இப்படி." தன் தலையைச் சாய்த்து, தோளை இறக்கி, கண்ணைத் தாழ்த்திக் காட்டினான். மீசை வைத்த மணப்பெண் மாதிரி இருந்தான்.

"இந்த மூஞ்சியை எந்த மாப்பிள்ளைக்குங்க பிடிக்கும்?" அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

க்ளிக்!

"ஐயோ, சிரிச்சுட்டேன்..."

"அதுக்குத்தானே இவ்வளவு அசிங்கப்பட்டேன்."

நிமிர்ந்தபோது இருவர் கண்களும் சந்தித்தன. முதலில் விலகியது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. துணைக்கு வந்து வாசலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே வந்து, "முடிஞ்சுதா பட்டதாரி?" என்று கேட்டபோது, அவள் காதுமடல் சூடாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கத் தலை வலித்தது. ஆனாலும் வலிக்கு நடுவில் ஒரு குரல்... 'எங்க வலிக்குது?'

படம் வாங்கப் போன நாளிலும் மழைதான். அண்ணன் உறையைப் பிரித்து, "அடடா! அச்சு அசல் மகாலட்சுமி!" என்று பூரித்தான்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு இது?"

"நீதான்டி."

"என் இடது கன்னம் எங்க?"

ஃபோட்டோக்காரன் மென்று விழுங்கினான். "வலது கன்னத்தைக் கம்ப்யூட்டர்ல எடுத்துத் திருப்பி இடது பக்கம் வச்சிருக்கேன்... லேசா அமுங்கி இருந்துச்சுல்ல, சமமா இருக்கணும்னு அண்ணன் ஃபோன்ல சொன்னாங்க. கல்யாணப் படம்னா எல்லாருக்கும் செய்றதுதான் மேடம்..."

"எல்லாருக்கும் எலும்பு உடைஞ்சிருக்கா?"

அவன் தலை குனிந்தது. அவளுக்கு அது போதவில்லை.

"டாக்டர் எலும்பைப் பாத்துட்டு வலி இல்லைன்னாரு. வீட்டுல மூஞ்சியைப் பாத்துட்டு வலி இல்லைன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் எங்கன்னு கேட்டீங்க. கேட்டுட்டு, அந்த இடத்தையே அழிச்சுட்டீங்களே! அவங்களாவது கேக்கவே இல்ல. உங்களை என்ன சொல்றது?"

"கத்தாத" என்று பல்லைக் கடித்தான் அண்ணன். "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. இதெல்லாம் தெரிஞ்சா ஓடிடுவாங்க."

"ஓடட்டும். தாலி கட்டிட்டு ஓடுறதுக்கு இப்பவே ஓடுறது மேல்."

"உன் நல்லதுக்குத்தானேடி..." அண்ணனின் குரல் உடைந்தது. "அன்னைக்குச் சேதி கேட்டு வந்து, ரத்தம் சொட்டச் சொட்ட உன்னைத் தூக்கிட்டு ஓடினவன் நான்."

"தெரியும்ணே. அந்த வலியை நம்பினியே... இந்த வலியை ஏன் நம்ப மாட்டேங்குற?"

அண்ணன் கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபோட்டோக்காரன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஜன்னல், மழை, பாதி மூடிய கண்கள்... சிரிப்பில் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கிய கன்னம். அவளேதான்.

"இதுல ஒண்ணுமே தொடல. உங்க கன்னத்தை மாத்தும்போது எனக்குக் கையே ஓடலைங்க. பழக்கதோஷத்துல ஓட்டிட்டேன். தப்பு என்னோடதுதான், அண்ணன் மேல போட மாட்டேன்." "இந்தப் படத்தை உங்களைக் கேக்காம தெனமும் திறந்து பாத்தேன். அதுவும் தப்புதான். அழிக்கச் சொன்னா இப்பவே அழிச்சுடறேன். ஆனா சொல்லிடறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இந்த முகத்தைத்தான் பிடிச்சிருக்கு."

"டேய்!" என்று அண்ணன் ஓரடி முன்னால் வந்தான்.

"நீ இருண்ணே. என்கிட்டதானே சொல்றாரு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதைப் பிரிண்ட் போடுங்க."

பிரிண்ட் ஈரவாசனையோடு வந்தது. வாங்கி அண்ணன் சட்டைப் பையில் செருகினாள்.

"வீட்டுல இதை மாட்டு. வர்றவங்களை வர வேணாம்னு சொல்லிடு. எனக்குத் தலைவலின்னே சொல்லு, பொய் இல்லையே."

"நீ எங்க போற?"

"நரம்பு டாக்டர்கிட்ட. காலையிலேயே ஃபோன் பண்ணி நேரம் வாங்கிட்டேன். அவரும் டென்ஷன்னு சொன்னா, டென்ஷன் இல்லைன்னு ஒத்துக்கிற வரைக்கும் அந்த ரூமை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

கதவருகே போய் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"ஃபோட்டோக்காரரே... எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்துச்சு. இந்த உறையைப் பிரிக்கிற வரைக்கும். இப்ப கோபம்தான் இருக்கு. அது தீர்ந்ததும் நானே வருவேன். அதுவரைக்கும் யார் கன்னத்தையும் கேக்காம திருப்பி வைக்காதீங்க."

"வருவீங்களா...?"

"வருவேன்னுதானே சொன்னேன். காதுலயும் ஃப்ளாஷ் அடிச்சுடுச்சா?"

வாசலில் பெயர்ப்பலகையைச் சுற்றிலும் பல்புகள் கண்ணைக் குத்த எரிந்துகொண்டிருந்தன. அவள் படியில் கால் வைத்ததும் அத்தனையும் ஒரே சமயத்தில் அணைந்தன. உள்ளே யார் கை ஸ்விட்சில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்தால் இடது பக்கம் சுரீரென்றது... ஆனாலும் சிரித்துக்கொண்டே குடையை விரித்து, மழைக்குள் இறங்கி நடந்தாள்.