வாசலைப் பார்த்த அறை

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. முந்தின நாள் முழுக்க ஊர்வலப் பாதுகாப்புக்கு வெயிலில் நின்றதற்குக் கிடைத்த கூலி அது. ஜீப் கதவைப் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலைப் பல்லைக் கடித்தபடி இழுத்துக்கொண்டாள்.

காலை பத்தரை. ஊடகக் கல்லூரியின் ஸ்டுடியோ வாசலில் ஒரு வகுப்பே கூடி நின்றது. நடுவில், வெறும் தரையில், கல்லூரியின் லைட்மேன். ஆறடிக்கு மேல் உயரம். விளக்கு மாட்ட இவருக்கு ஏணி தேவையில்லை என்று மாணவர்கள் வைத்த பெயரே ஏணி. அவ்வளவு உயரத்தையும் மடக்கி உட்காரவைத்திருந்தார்கள். சட்டையில் இரண்டு பட்டன் பிய்ந்திருந்தது.

"யாரு இவரைத் தரையில உட்காரவெச்சது?"

பேராசிரியர் முன்னால் வந்தார். "நான்தான் மேடம். திருடனுக்கு நாற்காலியா போடுவாங்க?"

வகுப்பு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"திருடன்னு நான் இன்னும் சொல்லலையே சார். என்ன காணோம்?"

"லென்ஸ். இந்தக் கல்லூரியிலயே விலை கூடின லென்ஸ். நேத்து சாயந்தரம் ஷூட்டிங் முடிஞ்சு அலமாரியில வெச்சதா பசங்க சொல்றாங்க. காலையில இல்ல. அலமாரிச் சாவி இந்த ஆள்கிட்டயும் இருக்கு."

"வேற யார்கிட்ட?"

"ஷூட்டிங் பண்ற பையன்கிட்ட. ஆனா அவன் அப்படிப்பட்டவன் இல்ல. டைரக்டர், வாப்பா."

டைரக்டர் என்பது அந்த மாணவனின் பட்டப்பெயர். நேர்த்தியாக வாரிய தலை. கையில் போன் தயாராக இருந்தது.

"லைட்டு போடச் சொல்லக் கூப்பிடப் போனேன் மேடம். கதவு லேசா திறந்திருந்துச்சு. தள்ளினேன். அப்படியே ஷாக் ஆயிட்டேன். நின்ன இடத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடிவந்துட்டேன்."

"உள்ள போனீங்களா?"

"ஒரு அடி கூட வைக்கல."

போட்டோவில் எல்லாம் இருந்தது. மேஜையில் மதுப் புட்டி, பாதி நிறைந்த கண்ணாடி டம்ளர், விசிறியாகப் பரப்பிய சீட்டுக்கட்டு. கட்டிலுக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு காலியான லென்ஸ் பெட்டி. ஒன்பது மணிக்கே வகுப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டிருந்தான்.

"குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று ஏணியிடம் கேட்டாள்.

"உண்டு மேடம். பொய் சொல்ல மாட்டேன். கடையில நின்னு குடிச்சுட்டு, நேரா வந்து படுத்துருவேன். ரூமுக்குப் புட்டி வாங்கிட்டு வர்ற வசதியெல்லாம் நமக்கு ஏது? காலையில குளிச்சுட்டு வர்றதுக்குள்ள இதெல்லாம் எப்படி உள்ள வந்துச்சுன்னே தெரியல."

"சீட்டு?"

"ரெண்டு கையும் நாள் பூரா வயர் பிடிச்சுக் காய்ச்சுப் போய்க் கிடக்கு. இதுல சீட்டு வேற பிடிக்கணுமா?"

"பேச்சைப் பாருங்க மேடம்!" என்றார் பேராசிரியர். "ரூமே அவன் யாருன்னு சொல்லுதே!"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ரூம் சொல்லுமா?"

பேராசிரியருக்குப் பிடித்த பாடம் அது. அவளை ஸ்டுடியோவுக்குள் அழைத்துப் போனார். அங்கே மூன்று அட்டைச் சுவர்களால் ஒரு ஏழையின் வீடு போட்டிருந்தார்கள். கிழிந்த பாய், துருப்பிடித்த ட்ரங்குப் பெட்டி, கொடியில் ஒரு லுங்கி. முன்னால் ஒரு தாள்: செட்டை யாரும் தொடக் கூடாது.

"பசங்களோட ப்ராஜெக்ட். ஆளைக் காட்டாமலே ஒரு ஆளை உருவாக்கணும். எந்தப் பொருள், எங்க, எந்த வெளிச்சத்துல. காட்சியமைப்புன்னு சொல்வோம். டைரக்டர்தான் வகுப்புலயே முதல். பாருங்க, நேத்து எடுத்தது."

மானிட்டரில் படம் ஓடியது. அட்டை வீட்டின் நடுவே ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு டம்ளர். பழுப்பு நிறம் விளக்கொளியில் தங்கமாக மின்னியது.

"நிஜச் சரக்கா சார்?"

பேராசிரியர் சிரித்தார். "கேண்டீன்ல வாங்கின கட்டன் டீ. பால் இல்லாத டீ திரையில அசல் மாதிரியே தெரியும்."

"காலையில லென்ஸை எங்கெல்லாம் தேடினீங்க?"

"எல்லா இடமும். அலமாரி, பசங்க பை, ஆபீஸ், இவன் ரூம்."

ஸ்டுடியோவுக்குப் பின்னால் மின்பலகையை ஒட்டி இருந்தது ஏணியின் அறை. ஒரு மனிதன் வாழ்கிற இடம் என்று யாரும் யோசித்துக் கட்டியதல்ல. கட்டியபின் மீந்துபோன மூலை. அதில்தான் அந்த ஆளின் மொத்த வாழ்க்கையும் கிடந்தது. உயரத்தில் தொங்கிய முகக்கண்ணாடி. அதைவிட உயரத்தில் சோப்பு டப்பா. தலையணையைப் பார்த்து ஒரு ரேடியோ. தலையணையைப் பார்த்து ஒரு சின்ன மின்விசிறி.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். மேஜை தெரிந்தது. நாற்காலி மேஜைக்கு அந்தப் பக்கம், சுவரோரம். புட்டியும் சீட்டும் டம்ளரும் இந்தப் பக்கம், வாசலோரம். டம்ளர் விளிம்பில் ஒரு கோடு நகர்ந்தது. எறும்பு வரிசை.

"கான்ஸ்டபிள், இந்த டம்ளரை மோந்து பாருங்க."

கூட வந்த கான்ஸ்டபிள் மோந்தார். முகம் மாறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

இடுப்பில் சுரீரென்று குத்தியது. இனி நிற்க முடியாது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வலி அடங்கட்டும் என்று கண்ணை மூடித் திறந்தவள், அப்படியே அசையாமல் இருந்தாள்.

பிறகு போனில் இருந்த படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாரையும் வரச் சொல்லுங்க. முடிஞ்சுபோச்சு."

நடைபாதையில் வகுப்பு நெருக்கியடித்து நின்றது. ஏணியை இங்கேயும் தரையில்தான் உட்காரவைத்திருந்தார்கள். நண்பகலுக்கு இன்னும் அரைமணி இருந்தது.

"டைரக்டர் தம்பி, நீங்க போட்டோ எடுத்த இடத்துல நில்லுங்க. காலையில நின்ன மாதிரியே."

அவன் வாசலில் வந்து நின்றான்.

"லென்ஸ் பெட்டி தெரியுதா?"

அவன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். கட்டில்மேல் விரித்த போர்வை பாதிவரை தொங்கிக்கொண்டிருந்தது. நிற்கிறவன் கண்ணுக்குக் கட்டிலுக்கு அடியில் ஒன்றும் தெரியாது.

"எனக்கும் தெரியல. இடுப்பு வலி தாங்காம உட்கார்ந்தேன், தெரிஞ்சுது. பெட்டி மட்டுமில்ல, புட்டி, சீட்டு, டம்ளர், ஒண்ணை ஒண்ணு மறைக்காம வரிசையா. உங்க போட்டோ அச்சு அசல் அந்த உயரத்துல எடுத்தது. பதறி ஓடுறவன் மண்டி போட்டா போட்டோ எடுப்பான்?"

"ஒருவேளை குனிஞ்சிருப்பேன்..."

"நின்ன இடத்துல நின்னுன்னு சொன்னது உங்க வாய். சரி, இதைப் பாருங்க. குடியிருக்கிறவன் வெச்ச பொருள் குடியிருக்கிறவனைப் பார்க்கும். ரேடியோ, ஃபேன் எல்லாம் இவர் தலையணையைப் பார்க்குது. புட்டியும் சீட்டும் மட்டும் வாசலைப் பார்க்குது. நாற்காலி அந்தப் பக்கம், டம்ளர் இந்தப் பக்கம். இவர் கை எவ்வளவு நீளமா இருந்தாலும் மேஜை மேல படுத்துதான் குடிக்கணும். கான்ஸ்டபிள், டம்ளர்ல என்ன?"

"கட்டன் டீ மேடம். சக்கரை போட்டது, எறும்பு மொய்க்குது."

யாரும் சிரிக்கவில்லை.

"குடிகாரன் வீட்டு டம்ளர்ல சரக்கு இருக்கும். சினிமாக்காரன் போட்ட செட்லதான் டீ இருக்கும். இது ரூம் இல்ல. ஆளில்லாம ஒரு திருடனை உருவாக்கின ப்ராஜெக்ட். சாவி ரெண்டு பேர்கிட்ட. ஒருத்தர் தன்னை மாட்டிவிடத் தானே செட் போட்டுக்க மாட்டார். கான்ஸ்டபிள், ஸ்டுடியோவுல அந்த ட்ரங்குப் பெட்டியைத் திறங்க. யாரும் தொடக் கூடாதுன்னு எழுதி வெச்சதால யாரும் தேடாத ஒரே இடம் அது."

துண்டில் சுற்றிய லென்ஸ் வந்தது. முன்கண்ணாடியில் நெடுக ஒரு விரிசல்.

டைரக்டரின் நேர்த்தியான தலை குனிந்தது. "கை தவறி விழுந்துருச்சு மேடம். சொல்லியிருந்தா ப்ராஜெக்ட்ல இருந்தே தூக்கியிருப்பாங்க. இவருக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். வேலை போகும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்!"

கத்தியது இன்ஸ்பெக்டரம்மா இல்லை. ஏணி. உட்காரவைத்த உயரம் முழுசாக எழுந்து நின்றது. "நீ தூங்குற நேரத்துல உன் செட்டுக்கு லைட்டு கட்டினவன்டா நான்! என் வேலை உனக்கு அவ்வளவுதானா? நான் படுத்து எழுந்திரிக்கிற இடம்டா இது. இதுக்குள்ள வந்து என்னையே திருடனா ஜோடிச்சு வெச்சியே!"

ஆனாலும் ஏணி கை ஓங்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

டைரக்டரைக் கான்ஸ்டபிள் ஜீப்புக்குக் கூட்டிப்போனார். கூட்டம் கலைந்தது. எல்லாரும் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டுப் பேராசிரியர் அறைக்குள் வந்தார்.

"மன்னிச்சிடுப்பா. சூழ்நிலை அப்படி," என்றார், சுவருக்குச் சொல்வதுபோல.

"இந்த ஆறடிக் கட்டிலை மாத்தித் தரச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டேன், அப்பவும் இப்படித்தான் மெதுவா பேசினீங்க," என்றார் ஏணி. "திருடன்னு சத்தமாத்தானே சொன்னீங்க சார்? வகுப்பு முன்னாடிதானே? அங்கயே வந்து சொல்லுங்க."

"வகுப்பு முடிஞ்சுபோச்சே."

"நாளைக்கும் வகுப்பு இருக்குல்ல?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா, நிலைப்படியைப் பிடித்து எழுந்தபடி.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் ஒன்று இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏணி டம்ளரை எடுத்து வாசலுக்கு வெளியே கொட்டினார். நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

மறுநாள் வகுப்பு நடந்தது. அதற்கடுத்த நாளும் நடந்தது. பேராசிரியர் பாடம் எடுத்தார், ஏணி விளக்கு போட்டார். வகுப்பு முன்னால் அவர் ஏணியிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.