ஷாட் முடியட்டும்

புது டிவி வந்து இறங்கியபோது வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி வந்து, கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு, காலிப் பெட்டியை வெளியே படிக்கட்டின் மேல்முனையிலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். ஓர் ஆள் உள்ளே நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி.

"இன்னிக்கு யாரும் அழுமூஞ்சியா இருக்கக் கூடாது," என்றார் மாஸ்டர். "அடிதடி ஒண்ணு, காமெடி ஒண்ணு. வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், படுத்துத் தூங்குறோம்."

மாஸ்டர் என்றால் என் கணவர். சினிமாவில் சண்டைக் காட்சி அமைப்பவர். எல்லோரும் அப்படிக் கூப்பிட்டு, கடைசியில் எனக்கும் அதுவே பழகிவிட்டது. பேச்சில் ஆளை அடித்துக்கொள்ள முடியாது. எழவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். என் தம்பியின் எழவிலும் சிரிக்க வைத்தார். அதை நான் மறக்கவில்லை.

தம்பியை எல்லோரும் ரப்பர் என்பார்கள். எங்கே தூக்கிப் போட்டாலும் துள்ளி எழுந்துவிடுவான். மாஸ்டரின் குழுவில் அவன்தான் விழுகிற ஆள். ஹீரோ விரலை நீட்டினால் போதும், தள்ளுவண்டி மேல், கண்ணாடிக் கதவு மேல், தண்ணீர்த் தொட்டிக்குள் என்று பறந்துபோய் விழுவான். எந்தப் படத்திலும் ஒரு வரி வசனம் கிடையாது. வீட்டுக்கு வந்து முதுகு முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுப்பான். அந்தக் காட்டமான தைல வாசனைதான் எனக்குத் தம்பி.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் படுத்தபடியே கையைத் தூக்க வேண்டும். விரல்களை விரித்துக் காட்டினால் ஒன்றுமில்லை, அடுத்த ஷாட்டுக்குப் போகலாம். கையை மூடிக் காட்டினால் அடிபட்டிருக்கிறது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். படத்தில் அது வராது, வெட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதை விட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் படம் போடுவோம். ரப்பர் விழுந்ததும் சோபாவில் இருக்கிற எல்லோரும் கையை விரித்துத் தூக்குவோம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ரப்பரும் தூக்குவான். என் மகள் பேச்சு வருவதற்கு முன்னாலேயே அதைப் பழகிக்கொண்டாள்.

போன வருஷம் ஒரு காமெடிப் படத்துக்காக மாடியிலிருந்து விழுந்தான். கீழே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். விழுந்தான், கையை விரித்துக் காட்டினான், ஆகவே அடுத்த ஷாட்டை எடுத்தார்கள். காமெடி நடிகர் கீழே கிடக்கும் அடியாட்களைத் தாண்டித் தாண்டி நடந்து வசனம் பேசுகிற ஷாட். அது முடிந்து எழுப்பப் போனபோது அவன் எழுந்திருக்கவில்லை.

விரித்துக் காட்டினான் என்று சொன்னது மாஸ்டர். அந்தப் பக்கம் நின்றிருந்தது தான் ஒருவன்தான் என்றும் அவரே சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்புவதாகச் சொல்லிக்கொண்டேன். கை விரிந்திருந்ததா, மூடியிருந்ததா? அந்த ஒரு கேள்வி மட்டும் மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் படம் போட்டதே இல்லை. புது டிவி வந்த அன்றைக்குத்தான் மறுபடி போட்டோம்.

மாஸ்டர் விளக்கை அணைத்தார். ஏதோ படத்துக்கு இலவசமாகக் கொடுத்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு, மடியில் பாப்கார்ன் கிண்ணத்தோடு நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் மகள். மகளை அடுத்து ஓர் இடம் காலியாக இருந்தது. ரப்பர் உட்காருகிற இடம்.

முதல் படத்தில் ஹீரோ சந்தைக்குள் புகுந்து அடிக்கிறார். மாஸ்டர் வேண்டுமென்றேதான் அதைப் போட்டார், நாங்கள் சிரித்துப் பழக வேண்டுமாம். ரப்பர் ஓடி வந்தான். ஓர் உதை. தள்ளுவண்டி மேல் விழுந்து, பழங்களோடு தரையில் உருண்டு கிடந்தான். மகள் பழக்கத்தில் கையை விரித்துத் தூக்கினாள்.

திரையிலும் ஒரு கை எழுந்தது.

அந்தப் படம் எனக்கு மனப்பாடம். அதில் அந்தக் கை கிடையாது.

"மாமா கை மூடியிருக்கு," என்றாள் மகள்.

மாஸ்டரின் வாயில் பாப்கார்ன் நின்றுவிட்டது. சட்டென்று ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். உதை, வண்டி, பழங்கள். கை வரவில்லை.

"வெட்டாம விட்ட பிரிண்ட் ஏதாவது கலந்திருக்கும்," என்றார். "இதுக்குப் போய் ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க."

அறைந்தது யாரை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த படத்தைப் போட்டார். ரப்பர் நடிக்காத படமாகப் பார்த்துத் தேடிப் போட்டார். ஒரு ஹோட்டல் சமையலறையில் சண்டை. மாவு மூட்டை மேல் ஒருவன் விழுந்தான். மாவுப் புகை அடங்கியது.

வெள்ளை மாவுக்குள்ளிருந்து கை எழுந்தது. மூடிய கை. பிறகு தலையும் எழுந்தது. கண் இமை எல்லாம் மாவு, நடுவில் இரண்டு கறுப்புக் கண்கள். அவை எங்களைப் பார்க்கவில்லை, சோபாவின் நடுவில் இருந்தவரை மட்டும் பார்த்தன. என் தம்பி யாரையும் அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை.

தைல வாசனை வந்தது.

"மாமா அடிபட்டிருக்கார்ப்பா. போய்த் தூக்க மாட்டீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"உள்ள கூட்டிட்டுப் போ அவளை!" மாஸ்டரின் குரல் உடைந்தது.

நான் அவளை அறைக்குள் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வெளியே படிக்கட்டுப் பக்கம் அட்டை நெரிபடும் சத்தம் கேட்டது. மெல்ல, யாரோ பெட்டிக்குள் புரண்டு படுப்பது போல.

"நீதான் ஏதோ பண்ணி வச்சிருக்க," என்றார் மாஸ்டர். "உன் தம்பி படத்தை எல்லாம் வெட்டி ஒட்டி, என்னைப் பயமுறுத்துறதுக்கு."

"புது டிவியை வாங்கிட்டு வந்தது நீங்க. படத்தைத் தேடிப் போட்டது நீங்க." எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "அன்னிக்கு அவன் கை விரிச்சிருந்ததா?"

"எத்தனை தடவை சொல்றது? விரிச்சுத்தான் இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

மின்சாரம் போனது.

மின்விசிறி நின்றது. தெருவே இருண்டது. டிவி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அதில் நாங்கள் போடாத ஒரு படம் ஓடியது. இன்னும் வெளிவராத படம். ஒரு வீட்டு முற்றம், நசுங்கிய அட்டைப்பெட்டிகள், அங்கங்கே சுருண்டு கிடக்கும் அடியாட்கள். காமெடி நடிகர் அவர்களைத் தாண்டி நடந்து, "என்னப்பா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல தூக்கமா?" என்றார். ஓரத்தில் தம்பி கிடந்தான். கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் கை எழுந்தது. மூடியிருந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடியும்.

காமிராவுக்குப் பின்னாலிருந்து மாஸ்டரின் உதவியாள் ஒருவன் பதறுவது கேட்டது. "மாஸ்டர், ரப்பர் கையை மூடிக் காட்டுறான்."

இன்னொரு குரல் அடக்கமாகச் சொன்னது.

"தெரியும். ஷாட் முடியட்டும்."

அது எனக்குத் தெரிந்த குரல். பத்துப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாலும் நடுவில் அடையாளம் தெரியும் எனக்கு.

மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அதைத் தானே வெளியே எடுத்து வைத்தார்.

"மூடித்தான் இருந்துச்சு," என்று முணுமுணுத்தார். "அந்த நடிகர் கிளம்புற அவசரத்துல இருந்தாரு. அன்னிக்கு விட்டா அப்புறம் கிடைக்க மாட்டாரு. சுளுக்கா இருக்கும்னு நினைச்சேன். ஒரே ஒரு ஷாட்தானேன்னு..."

"அவன் உங்களைத்தானே பார்த்துக் காட்டினான்," என்றேன். இத்தனை நாள் இந்த ஆளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெளியே பெட்டி ஒரேயடியாக நசுங்கியது. உயரத்திலிருந்து ஓர் ஆள் முதுகு அடிபட விழுந்தால் வருகிற சத்தம். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் தெரியாதவர் கிடையாது.

மாஸ்டர் எழுந்தார். "பூனை," என்றார். "பூனைதான்." அதைத் தூக்கித் தெருவில் எறியப் போவதாகச் சொல்லிக்கொண்டு இருட்டுக்குள் போனார். நானும் வாசல்வரை போனேன். டிவி வெளிச்சத்தில் பெட்டி தரையோடு தரையாகத் தட்டையாகிக் கிடந்தது. நடுவில் ஓர் ஆள் படுத்த தடம்.

"மச்சான்," என்றார் மாஸ்டர். யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி. "வேணாண்டா மச்சான்."

அவர் சறுக்கவில்லை. தடுக்கி விழவில்லை. சண்டைக் காட்சியில் விழுகிற மாதிரி, நெஞ்சில் உதை வாங்கியவர் போலப் பின்பக்கமாகப் பறந்து போனார்.

படிகளில் ஒவ்வொன்றாக அடிபட்டு இறங்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

கீழே தெருவிளக்கு மட்டும் அப்போது திரும்பி வந்தது. அவர் கடைசிப் படிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். வலது கை மெல்ல எழுந்தது.

மூடியிருந்தது.

நான் ஓடத்தான் பார்த்தேன். எவ்வளவு வெறுத்தாலும் என் பிள்ளையின் அப்பா. ஆனால் என் தோளில் ஒரு கை விழுந்தது. கனமான, தைலம் பிசுபிசுத்த கை. என்னை அது இறுக்கவில்லை. சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடிப்பானே, அப்படித்தான் பிடித்திருந்தது. என்னால் ஓர் அடிகூட நகர முடியவில்லை.

கீழே கை விழுந்தது. மறுபடி எழுந்தது.

உள்ளே டிவியில் காமெடி நடிகர் இன்னும் வசனம் பேசிக்கொண்டிருந்தார்.

காதோரம் ஒரு மூச்சு.

"அக்கா. ஷாட் முடியட்டும்."

வசனம் முடிந்து, பின்னணியில் சிரிப்பொலி வந்து அடங்கிய பிறகுதான் தோள் லேசானது. ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அந்தக் கை குளிர்ந்திருந்தது. கடைசிவரை யாராலும் அதை விரிக்க முடியவில்லை.

காலிப் பெட்டியில் தடுக்கி விழுந்தார் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். பார்த்தது நான் ஒருத்திதானே.

தம்பி விழுந்த அந்தக் காமெடிப் படம் வெளியாகி நன்றாக ஓடியது. பிறகு டிவிக்கும் வந்தது. விடுமுறை நாளில் எந்த ஜன்னல் பக்கம் போனாலும் அந்த முற்றத்துக் காட்சிக்கு ஒரு வீடே சிரிப்பது கேட்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு நடந்துவிடுவேன். ஒரு மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது மகள் அதைப் போட்டு, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அணைக்கத்தான் போனேன். அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது.

காமெடி நடிகர் தாண்டித் தாண்டி வந்தார். ஓரத்தில் தம்பி கிடந்தான். கழுத்து நேராக இருந்தது. கையைத் தூக்கி விரல்களை நன்றாக விரித்துக் காட்டினான். மகளும் சிரித்துக்கொண்டே விரித்துக் காட்டினாள்.

அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் கிடந்தார். மற்ற அடியாட்கள் எல்லாம் கறுப்புச் சட்டையில் இருக்க, அவர் மட்டும் மஞ்சள் பனியன் போட்டிருந்தார். காமெடி நடிகர் அவரையும் தாண்டினார். கீழ் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அம்மா, அப்பா கை மூடியிருக்கே," என்றாள் மகள். "யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்களா?"

கூடம் முழுக்கத் தைல வாசனை.

"ஷாட் முடியட்டும்," என்று பதில் வந்தது. சொன்னது என் வாய்தான்.

மகள் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சோபாவில் அவளுக்குப் பக்கத்து இடம் அமுங்கியிருந்தது.