அகர வரிசையில் ஒரு பெயர்

வாசல் பூட்டு யாரும் தொடாமலே முனகியது. தவறான கடவுச்சொல்லைப் போட்டால் வருமே, அதே முனகல். கதவுத் துளை வழியே எட்டிப் பார்த்தாள். மாடிப்படி காலியாக இருந்தது; மழையில் ஊறிய சிமெண்டின் வாடை மட்டும் இடுக்கு வழியே உள்ளே வந்தது. திரும்பி நாலடி வைப்பதற்குள் மறுபடியும் முனகியது.

வெளிக் கம்பெனி எதையும் நம்பாத மனுஷர் அவள் கணவர். வீட்டிலேயே சொந்த சர்வர் வைத்து, பூட்டு, விளக்கு எல்லாவற்றையும் அதில் மாட்டி, உள்ளிருந்து கதவைத் திறக்கவும் கடவுச்சொல் கேட்கும்படி செய்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். ஐந்து முறை தவறினால் ஒரு மணி நேரம் தடை. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. வெளியிலிருந்து கடவுச்சொல் அடித்துப் பார்க்கிறவன் ஒவ்வொரு முறையும் வேறு இணைய முகவரி சொன்னால், அந்த அப்பாவி சர்வர் அதை அப்படியே நம்பி, புது ஆள் என்று முதலிலிருந்து எண்ணும். அதை அடைக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடப் புலம்பினார். அவளிடம் மட்டும்.

சர்வரின் திரையைத் திறந்தாள். தவறிப்போன சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. அவர் கொஞ்சும்போது மட்டும் கூப்பிட்ட பெயர். குளிக்கும்போது அவள் முணுமுணுக்கும் பாட்டின் முதல் சொல். பிறக்காமலே போன குழந்தைக்கு இருவரும் வைத்த பெயர்.

பிறகு ஆண்களின் பெயர்கள். அகர வரிசையில்.

போன மாதம்தான் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாள். அடுத்த மாதம் கட்டிக்கொள்ளப்போகிறவனின் பெயர். 'இ'யில் தொடங்கும்.

ஓடிவிட வேண்டும். பூட்டில் அந்தப் பெயரை அடித்தாள். அவசரத்தில் எழுத்து மாறியது. மறுபடி. மறுபடி. ஐந்தாவதும் தவறு. 'ஒரு மணி நேரம் காத்திருக்கவும்.' அவளை மட்டும் சரியாக எண்ணித் தொலைத்தது. ஜன்னலெல்லாம் கம்பி.

அவனுக்கு போன் போட்டாள்.

"எவனாவது ஹேக்கரா இருப்பான். வயரைப் பிடுங்கிடு."

"பிடுங்கினா கதவு பூட்டினபடியே நின்னுடும். அவர் அப்படித்தான் வெச்சிருக்கார்."

"செத்தவருக்கு இன்னும் பயப்படறியே! இரு, கிட்ட வந்துட்டேன்."

"வேண்டாம், வராதீங்க! கும்பிட்டுக் கேக்கறேன்..."

போனை வைத்துவிட்டான்.

'அ' முடிந்தது. முனகல்கள் நெருங்கி நெருங்கி ஒரே முனகலாகின. 'ஆ' முடிந்தது. மருந்து வாடை. எங்கிருந்து?

இ.

முனகல் நின்றது. பச்சை விளக்கு. படியில் செருப்புச் சத்தம்.

கதவு திறந்தது.

"நான் தட்டவே இல்லையே, அதுக்குள்ள திறந்துட்டியா?" என்று சிரித்தபடி உள்ளே வந்தான். இரண்டு கைகளிலும் கடைப் பைகள். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து, புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு கை நீண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தியது.