காலி மூலை

சனிக்கிழமை மதியம், சாப்பாடு செரிப்பதற்குள் எங்களை உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கடற்படை அதிகாரியாக வேண்டுமென்றால் ஒவ்வொரு கேடட்டும் ஒருமுறை குத்துச்சண்டை மேடை ஏறியே ஆகவேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றில்லை, பின்வாங்காமல் நின்றால் போதும். மூலையில் நிற்கும் துணை ஆள் துண்டை வீசினால் சண்டை நின்றுவிடும். கூடவே அடி வாங்கியவனின் பயிற்சியும் முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கேனத்தனமான சட்டம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஜோடி சேராமல் மிஞ்சியவன் என் அத்தை மகன். எல்லோருக்கும் அவன் வாலு. மிஞ்சியவனுக்கென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ அந்த மேடையில் அடிபட்டுச் செத்த கேடட்டுக்கு மரியாதையாக, காலி மூலையைப் பார்த்துக் கைகளைத் தொங்கப்போட்டபடி மணி அடிக்கும்வரை நிற்கவேண்டும். கையை மட்டும் ஓங்காதே என்று குத்துச்சண்டை மாஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

நான்தான் வாலுவுக்குத் துணை. மேடை ஏறுமுன் என் காதில் கிசுகிசுத்தான்.

“என்ன ஆனாலும் துண்ட வீசிடாதடா. நான் திரும்பிப் போனா அம்மா தாங்க மாட்டாங்க.”

காற்றோடு சண்டை போடத் துண்டு எதற்கு என்று நான் சிரித்தேன்.

மணி அடித்தது. அவன் சும்மா இருப்பானா? பையன்களைச் சிரிக்கவைக்கக் காற்றில் ஒரு குத்து விட்டான்.

குத்து எதிலோ பட்டது.

சதையில் விழுந்த சத்தம். ஈரத் தோலும் பழைய வியர்வையுமாக ஒரு நாற்றம் கிளம்பியது. அடுத்த நொடி வாலுவின் தலை பின்னால் வெட்டியது. மூக்கு உடைந்து ரத்தம் விரிப்பில் சிதறியது.

எதிரே யாரும் இல்லை.

விலாவில் ஒன்று. வயிற்றில் ஒன்று. தாடையில் விழுந்த அடியில் பல் தெறித்து என் காலடியில் கிடந்தது. மணியை அடி என்று மாஸ்டர் கத்தினார். அடிக்கத்தான் செய்தார்கள், சத்தம் வரவில்லை. குறுக்கே பாய்ந்த இரண்டு பேர் கயிற்றுக்கு வெளியே வந்து விழுந்தார்கள்.

வாலுவுக்கு ஒரு கண் மூடிவிட்டது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினான். பாழாய்ப்போன பயிற்சி. உயிரோடு வீடு வந்தால் போதும் என்று துண்டை வீசினேன்.

அடி நின்றது.

மூச்சு இருந்தது. அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். ஏன்டா வீசினாய் என்று உடைந்த வாயால் கேட்டான்.

“அத்தைக்கு நான் சொல்லிக்கறேன். நீ பேசாத.”

சண்டை முடிந்ததும் ஜெயித்தவனின் கையைப் பிடித்து உயர்த்துவது மாஸ்டரின் வேலை. அவர் மேடை நடுவில் அசையாமல் நின்றார். அவருடைய வலது கை மட்டும் மெல்ல மேலே போனது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் விரல் விரலாகக் குழிந்தது.

“என் கைய விடச் சொல்லுங்கடா” என்றார், சத்தமே இல்லாமல்.