கிளட்சில் புகுந்த காற்று

அலறல்...

பக்கத்து வீட்டுக்காரர்கள் கார் ஷெட்டுக்கு ஓடினார்கள். பம்பருக்கும் சுவருக்கும் நடுவே அந்த வீட்டுக்காரி நசுங்கிக் கிடந்தாள். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளுடைய கணவன், பல் டாக்டர், விக்கி விக்கி அழுதான்.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் அவனிடம் வந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"இன்ஜின் ஓடிட்டிருந்துச்சு சார். கிளட்சை மிதிச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டேன்... பாஞ்சிடுச்சு. நேத்து கிளட்ச் வேலை பார்த்தது இதோ இவங்கதான்."

வாசலில் மெக்கானிக் பெண். பக்கத்தில் அவள் புருஷன்.

"கிளட்சோட கீழ் சிலிண்டர்ல ஆயில் ஒழுகிச்சு சார், மாத்தினோம்," என்றாள்.

"அப்புறம் ஏன் பெடல் தரையோட கிடக்கு?"

அவள் கூனிக் குறுகினாள்.

"சொல்லவே வெக்கமா இருக்கு சார்... மாத்தினா ஆயில் பைப்ல காத்து புகுந்துடும். அதை எடுக்க ரெண்டு ஆள் வேணும். இவர் மேல உக்காந்து பெடலை மிதிக்கணும், நான் கீழ படுத்து நட்டைத் திறந்து மூடணும். 'மிதி', 'விடு'ன்னு குரல் குடுத்துக்கிட்டே செய்யணும்."

"குடுக்கலையா?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல சார். அவர் பாட்டுக்கு மிதிச்சாரு, நான் பாட்டுக்குத் திறந்தேன். காத்து வெளியேறாம இன்னும் அதிகமா புகுந்துடுச்சு. காலையில வந்து பார்த்துக்கலாம்னு யார்கிட்டயும் சொல்லாம போயிட்டோம்."

"உங்க வீம்புக்கு ஒரு உயிரா?"

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. விலங்குக்குக் கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம் சார்." அவள் புருஷன் வாயைத் திறந்தான். "இவ சொன்ன மாதிரி காத்து இருந்தா, மிதிச்சாலும் கிளட்ச் பிரியாது. இன்ஜின் ஓடறப்ப கியரே விழாதே."

இன்ஸ்பெக்டர் காரில் ஏறினார். ஸ்டார்ட் செய்து கியரைத் தள்ளினார்.

கரகரகர...

விழவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"இப்ப சாவியைத் திருப்பினா?"

"கிளட்சை மிதிச்சிருந்தாலும் பாயும் சார்," என்றான் மெக்கானிக்கின் புருஷன்.

டாக்டரின் அழுகை நின்றது.

"அப்ப இன்ஜினை நிறுத்திக் கியரைப் போட்டுட்டு, பொண்டாட்டி முன்னால வர்றவரைக்கும் காத்திருந்து சாவியைத் திருப்பியிருக்கே!"

"காலையில கியர் விழலை சார், கிளட்ச் கோளாறுன்னு தெரிஞ்சுது... பழி இவங்க மேல போயிடும்னு..."

விலங்கு டாக்டரின் கையில் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன்... அவள் பிழைத்துவிட்டாள்!

மெக்கானிக் பெண் இன்னும் தலை நிமிரவில்லை. "இருந்தாலும் எங்க வேலை தப்புதானே சார்."

"தப்புதாம்மா. என் ஜீப்புக்கும் கிளட்ச் பார்க்கணும். ஆனா மொதல்ல வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் சமாதானமாகிட்டு வாங்க."